பிளம்பருக்காகவாவது இன்னொரு முறை படியுங்கள்

கேள்வி: பீட்டர் மெய்ல் எழுதிய ‘எ இயர் இன் புரோவான்ஸ்’ புத்தகத்தை இப்போதுதான் முடித்தேன். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் மற்ற வாசகர்கள் சொல்வதைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது. பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள். மீதிப் பேர் ‘காசுள்ள ஆங்கிலேயரின் சாப்பாட்டுக் கணக்கு’ என்றும், ‘கிராமத்து ஜனங்களைக் கோமாளிகளாக்கிய புத்தகம்’ என்றும் திட்டுகிறார்கள். யார் சொல்வது சரி? அடுத்து வந்த பாகங்களையும் படிக்கலாமா?

பதில்:

திட்டுகிறவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மைதான். அப்படி இருந்தும் அது நல்ல புத்தகம். அதை ரசித்ததற்காக நீங்கள் யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குறை சொல்பவர்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு மறுபடி படித்தால், அதே பக்கங்களில் இன்னும் நிறையக் கிடைக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

படிக்காதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெய்ல் பல வருடம் விளம்பரத் துறையில் இருந்தவர். 1980களின் பிற்பகுதியில் மனைவியோடு தெற்கு பிரான்ஸில் உள்ள புரோவான்ஸ் பகுதிக்குக் குடிபோனார். வோக்ளூஸ் மாவட்டம், லூபெரோன் மலையடிவாரம், மெனெர்ப் கிராமத்துக்குப் பக்கத்தில் இருநூறு வருடப் பழமையான ஒரு கல்வீடு. நாவல் எழுதத்தான் போனார். வீட்டு வேலையும் வந்துபோகிற ஆட்களும் எழுத விடவில்லை. கடைசியில் அந்தத் தொந்தரவுகளையே எழுதிக் கொடுத்தார். 1989-இல் வெளியானபோது முதலில் அச்சிட்டது வெறும் 3,000 பிரதிகள். பிறகு பிரிட்டனில் மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டியது.

ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, மாதத்துக்கு ஓர் அத்தியாயம். தொடக்கத்தில் புத்தாண்டு மதியச் சாப்பாடு, முடிவில் கிறிஸ்துமஸ் சாப்பாடு. நடுவில் குழாய் வெடிக்கிறது, சுவரை உடைக்கிறார்கள், விருந்தாளிகள் வந்து குவிகிறார்கள், பக்கத்து ஊரான பொன்யூவில் ஆட்டுப் பந்தயம் நடக்கிறது. ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று சலித்துக்கொள்ளும் வாசகர்கள் உண்டு. அவர்கள் ஓர் இழையை விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். இந்த வீட்டு வேலை எப்போது முடியும்? அதுதான் கதை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தால் புத்தகம் எங்குமே தளர்வதில்லை.

சரி, முதலில் கோமாளி விவகாரம். இருக்கிற குற்றச்சாட்டுகளில் இதுதான் கனமானது. இது முழு உண்மை என்றால் மற்ற நல்ல அம்சங்கள் எதுவும் புத்தகத்தைக் காப்பாற்றாது.

காட்டோரம் குடியிருக்கும் மாசோ என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். நரிக்கறி எப்படிச் சமைப்பது என்று செய்முறை சொல்வார். கூடாரம் போட வரும் ஜெர்மானியர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. இவர் கேலிச்சித்திரம்தான், மறுக்க முடியாது. அவர் ஏன் அப்படி ஆனார் என்று புத்தகம் நின்று யோசிப்பதே இல்லை. பிரான்ஸ் கிராமம் ஒன்றில் வயதான ஓர் ஆளுக்கு ஜெர்மானியரைப் பிடிக்கவில்லை என்றால், அதற்குப் பின்னால் 1940 முதல் 1944 வரையிலான ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம் இருக்கக்கூடும். மெய்ல் அந்தப் பக்கம் போகாமல் சிரிப்போடு நிறுத்திக்கொள்கிறார். இந்த இடத்தில் குறை சொல்பவர்கள் பக்கம்தான் நான்.

ஆனால் பிளம்பர் மெனிகுச்சி வேறு. ஜனவரிக் குளிரில் குழாய்கள் வெடித்த பிறகு, ‘இளையவனே’ என்று மட்டும் கூப்பிடப்படும் ஓர் உதவியாளோடு வந்து சேர்கிறார். வேலை செய்துகொண்டே அந்த வருடக் குளிருக்குக் காரணம் சொல்கிறார். சைபீரியாவுக்கும் மெனெர்புக்கும் நடுவில் எங்கோ பூமியின் வளைவு தட்டையாகிவிட்டதாம். அதனால் காற்று குறுக்கு வழியில் நேராக வந்துவிடுகிறதாம், வழியில் சூடாக நேரமே கிடைப்பதில்லையாம். படிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பில் இளக்காரம் இல்லை. தன் தொழிலைச் சுற்றி ஓர் உலகத்தையே கட்டி வைத்திருக்கும் மனிதர் அவர், கைவேலையில் கெட்டிக்காரரும்கூட. மெய்ல் அவரை வாய் பிளந்து கேட்கிறார். புத்தகம் முழுக்க அவர் இவ்வளவு மரியாதையோடு காது கொடுப்பது வேறு யாருக்கும் இல்லை.

அந்த ஊரில் காற்றைப் பற்றி ஒரு பிளம்பர் தத்துவம் வைத்திருப்பதும் விசித்திரம் கிடையாது. மிஸ்த்ரால் என்பது ரோன் நதிப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்று. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். நாள் கணக்கில் நிற்காது. பழைய பண்ணை வீடுகள் வடக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும், அந்தப் பக்கம் ஜன்னல் வைக்க மாட்டார்கள், வைத்தாலும் சின்னதாக ஒன்றிரண்டு. பல ஊர்களில் கோயில் மணியைக்கூடக் கல்கோபுரத்தில் அடைக்காமல் இரும்புக் கம்பிக் கூண்டில் தொங்கவிட்டிருப்பார்கள், காற்று ஊடே புகுந்து போகட்டும் என்று. மனிதர்களின் கோபத்துக்கும் தலைவலிக்கும்கூட அந்தக் காற்றையே காரணம் சொல்வார்கள். ஜனவரி அத்தியாயத்தில் நடுங்கி உட்கார்ந்திருப்பவர் மெய்ல், விஷயம் தெரிந்தவர் பிளம்பர். ஊர்க்காரர்களைக் கீழே வைத்துப் பார்ப்பதாகச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

காலத்தைக் குறிக்கும் சொற்களைப் பற்றி ஒரு பகுதி வரும், ஞாபகம் இருக்கிறதா? ‘கால் மணி நேரத்தில்’ என்றால் இன்றைக்குள் எப்போதாவது. ‘நாளைக்கு’ என்றால் இந்த வாரத்துக்குள். ‘பதினைந்து நாளில்’ என்றால் மூன்று வாரமாகவும் இருக்கலாம், இரண்டு மாதமாகவும் இருக்கலாம், அடுத்த வருடமாகவும் இருக்கலாம், பதினைந்து நாளாக மட்டும் இருக்காது. அப்புறம் ‘நோர்மால்மான்’ என்று ஒரு சொல். ‘வழக்கப்படி பார்த்தால்’ என்று பொருள் வரும். அது வாக்கியத்தில் வந்துவிட்டால் எந்த வாக்குறுதிக்கும் உத்தரவாதம் கிடையாது. நான் இரண்டாம் முறை படித்தபோது எங்கள் வீட்டுச் சமையலறைத் தரை பெயர்த்துக் கிடந்தது. முற்றத்தில் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தோம். முதல் வாசிப்பில் வெறும் தமாஷாகத் தெரிந்த அந்தப் பக்கங்கள், அன்று ஒரு மனிதர் பொறுமையைக் கற்றுக்கொண்ட வரலாறாகத் தெரிந்தன. ஏப்ரலில் எரிச்சல்படும் மெய்ல் அக்டோபரில் எரிச்சல்படுவதில்லை. அந்த மாற்றத்தை அவர் எங்கும் அறிவிப்பதில்லை, நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதே அச்சில் முன்பே ஒரு புத்தகம் உண்டு. வினிஃப்ரெட் ஃபோர்டெஸ்க்யூ என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கிராஸ் நகருக்குப் பக்கத்தில் வீடு வாங்கிக் குடியேறியதை 1935-இல் ‘பெர்ஃப்யூம் ஃப்ரம் புரோவான்ஸ்’ என்று எழுதினார். அதிலும் வீட்டு வேலை, கொத்தனார், சமையல், சந்தை எல்லாம் வரும். அதில் ஊர்க்காரர்கள் மேல் இருக்கும் பாசம், வீட்டு எஜமானி குழந்தைகள் மேல் வைக்கும் பாசம் மாதிரி இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் மெய்ல் எவ்வளவு தூரம் நகர்ந்து வந்திருக்கிறார் என்பது புரியும். வேலைக்கு வருபவரை அவர் நம்பி இருக்கிறார், அவருக்காகக் காத்திருக்கிறார்.

டிசம்பரில் செய்யும் தந்திரமும் அப்படித்தான். வேலை முடியவே இல்லை. திட்டியோ காசை நிறுத்தியோ மெய்லும் மனைவியும் காரியம் சாதிக்கவில்லை. வேலை முடிந்ததைக் கொண்டாட விருந்து என்று சொல்லி, எல்லாத் தொழிலாளர்களையும் மனைவிமார்களோடு அழைத்துவிடுகிறார்கள். எந்த மனைவிக்கும் தன் கணவன் மட்டும் வேலையை அரைகுறையாக விட்டிருக்கிறான் என்று நாலு பேர் முன்னால் தெரிவதில் சம்மதம் இருக்காது. அவ்வளவுதான், வேலை முடிந்துவிடுகிறது. ஊரின் மான உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்களால் மட்டுமே போட முடிகிற கணக்கு அது.

இந்த இடத்தில் பெண் வாசகர்கள் பலர் சொல்லும் குறையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொத்தனார்களின் மனைவிகளை இவ்வளவு அழகாகக் கணக்கில் எடுத்த புத்தகத்தில், எழுதியவரின் மனைவிக்குப் பெயரே கிடையாது. முதலிலிருந்து கடைசிவரை ‘என் மனைவி’தான். குளிரிலும் தூசியிலும் அந்த வீட்டில் வாழ்ந்தவர் அவரும்தான். அவர் கண்ணில் இந்த வருடம் எப்படி இருந்தது என்று ஒரு பக்கம்கூட இல்லை. இதற்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, குறை குறைதான்.

புத்தகத்தில் என்ன இல்லை என்ற கேள்வியைத்தான் நான் ரொம்ப நாள் யோசித்தேன். அதற்குக் காரணம் இன்னொரு புத்தகம்.

மெனெர்பிலிருந்து அதிக தூரம் இல்லை, எதிர்ப்பக்க மேட்டில் ருசியோன் என்ற ஊர். சிவப்பும் மஞ்சளுமான காவிமண் மலை. லாரன்ஸ் வைலி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1950-இல் மனைவியோடும் இரண்டு சின்னப் பையன்களோடும் அங்கே போய் ஒரு வருடம் குடியிருந்தார். ஊருக்கு ‘பெய்ரான்’ என்று புனைபெயர் வைத்து, 1957-இல் ‘வில்லேஜ் இன் தி வோக்ளூஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அதே மாவட்டம், அதே காற்று, அதே திராட்சை, அங்கும் ஒரு வெளிநாட்டுக்காரர், அங்கும் ஒரு வருடம். ஆனால் அது வேறு உலகம். காவிமண் சுரங்கத் தொழில் நலிந்துபோயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள், யாருக்கு யார் கடன், தேர்தலில் யாருக்கு ஏன் ஓட்டு, அரசாங்கத்தை ஏன் நம்புவதில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அதில் ஒரு விவசாயியிடம் ஆப்ரிகாட் பழத் தோப்பு வைக்கலாமே என்கிறார்கள். ரஷ்யர்களும் அமெரிக்கர்களும் வந்து அதைப் போர்க்களமாக்குவதற்கா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். இரண்டு போர்களைப் பார்த்த தலைமுறைக்கு, பலன் தர வருடங்கள் ஆகும் மரத்தை நடுவதற்கே தெம்பு இல்லை.

இப்போது மெய்லின் ஃபோஸ்தானை நினைத்துப் பாருங்கள். விளைச்சலில் பங்கு பேசி மெய்லின் திராட்சைத் தோட்டத்தை உழும் விவசாயி. எந்த விளைச்சலைப் பற்றிக் கேட்டாலும் கெட்டதையே எதிர்பார்ப்பார். மழை வந்தாலும் கவலை, வராவிட்டாலும் கவலை. மெய்லிடம் அது ஒரு சுபாவம், ரசிக்கத் தகுந்த ஒரு குணம். வைலியைப் படித்துவிட்டு வந்தால் அந்தக் கவலைக்கு வேர் தெரிகிறது. மெய்ல் பொய்யாக எதையும் எழுதவில்லை. பார்த்ததைச் சரியாகப் பார்த்து, அதற்குப் பின்னால் போகாமல் விட்டிருக்கிறார். வைலியே சில வருடம் கழித்து அதே ஊருக்குத் திரும்பிப் போனபோது, தோப்பு வைக்க மறுத்த ஊரில் தோப்புகள் வந்திருந்ததையும், மக்கள் கடனுக்குப் பொருள் வாங்கத் துணிந்திருந்ததையும் பதிவு செய்தார். கிராமம் என்பது ஒரே இடத்தில் உறைந்து நிற்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ருசியோனைப் பற்றிச் சொல்லும்போது நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாரிஸில் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர், குழு காட்டிக்கொடுக்கப்பட்டதும் தப்பி, 1942-இல் இந்த ஊருக்குத்தான் வந்து ஒளிந்திருந்தார். சாப்பாட்டுக்காக விவசாயிகளிடம் வேலை செய்தார். கடைசிவரை வராத ஒருவருக்காக இருவர் காத்திருப்பதைச் சொல்லும் அவருடைய ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தின் பிரெஞ்சு மூலத்தில் ருசியோனில் திராட்சை பறித்த நினைவும் அந்தத் தோட்டக்காரரின் பெயரும் வருகின்றன. அதே மலையடிவாரத்தில் காத்திருப்பைப் பற்றி இரண்டு புத்தகங்கள் முளைத்திருக்கின்றன என்று எனக்குச் சில சமயம் தோன்றும். ஒன்றில் பிளம்பர் கடைசியில் வந்துவிடுகிறார்.

இன்னும் இரண்டு மௌனங்கள் உண்டு. கவாயோன் சுற்றுவட்டாரத்தில் பழத்தோட்ட வேலைக்கு வந்த வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் புத்தகத்தில் அநேகமாகக் கண்ணில் படுவதே இல்லை. குடியேறிகளை எதிர்த்த தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணிக்கு அந்தப் பகுதியில் அப்போதே நல்ல ஆதரவு இருந்தது, அதுவும் இல்லை. இவை இல்லாததால் புத்தகம் பொய்யாகிவிடாது. ஆனால் ‘கிராமத்து பிரான்ஸ் இப்படித்தான்’ என்று யாராவது இதைக் காட்டினால் மறுத்துப் பேசத்தான் வேண்டும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், பணக்கவலை இல்லாதவரின் புத்தகம்தான். நீச்சல் குளம் உள்ள வீடு, வாரம் தவறாமல் உணவகம். ஆனால் ‘இவர் எழுதித்தான் லூபெரோன் பணக்காரர்களின் ஊரானது’ என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவருக்கு ரொம்ப முன்பே மெனெர்பில் புகைப்படக் கலைஞர் டோரா மாருக்கு ஓவியர் பிக்காசோ வீடு வாங்கிக் கொடுத்திருந்தார். ஓவியர் நிகோலா த ஸ்தாயெல் 1953-இல் அந்த ஊர்க் கோட்டைவீட்டையே வாங்கினார். பாரிஸ்காரர்களின் விடுமுறை வீடுகள் எப்போதோ வந்துவிட்டன. 2001-இல் அதிவேக ரயில் அவிஞோன்வரை வந்ததும் பாரிஸ் மூன்று மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. அதே வருடம் ஆடை வடிவமைப்பாளர் பியேர் கார்தான் பக்கத்து லாகோஸ்டின் கோட்டையை வாங்கி, அப்புறம் ஊருக்குள்ளேயும் வீடு வீடாக வாங்கிச் சேர்த்தார். மெய்ல் இந்தப் போக்கை வேகப்படுத்தினார், அது நிஜம். புத்தகத்தில் ஊர்ப் பெயர்களை ஒளிக்காமல் எழுதியதால், வாசகர்கள் புத்தகமும் கையுமாக வந்து கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். கடைசியில் அவரே அங்கே இருக்க முடியாமல் சில வருடம் அமெரிக்காவுக்குப் போய் இருந்தார். திரும்பி வந்தது மெனெர்புக்கு அல்ல, மலைக்குத் தெற்கே லூர்மரான் பக்கம். வைலி ஊருக்குப் புனைபெயர் வைத்ததன் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. இந்தக் குற்றத்தில் மெய்லுக்கு நான் சலுகை தர மாட்டேன்.

‘நாங்கள் போய்ப் பார்த்தோம், அப்படி ஒன்றும் இல்லை’ என்ற வகைக் கருத்துகளும் நிறைய. அதில் பிரபலமானது நியூயார்க் டைம்ஸின் உணவக விமர்சகராக இருந்த ரூத் ரைஷல் எழுதியது. தான் கனவு கண்ட புரோவான்ஸ் என்று ஒன்று இருந்ததே இல்லை என்ற ஏமாற்றத்தை அவர் எழுதினார். அதற்கு மெய்ல் 1999-இல் வந்த ‘ஆங்கோர் புரோவான்ஸ்’ நூலில் ஓர் அத்தியாயம் முழுக்கப் பதில் சொன்னார். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் சரி. எங்கே வாங்குவது, யாரைக் கேட்பது என்று தெரிய அங்கே குடியிருக்க வேண்டும். ஆப்டில் சனிக்கிழமைச் சந்தை, கார்பாந்த்ராவில் குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் ட்ரஃபிள் காளான் சந்தை என்று அந்த ருசிக்கு நாளும் பருவமும் உண்டு. சில நாட்கள் வந்து போகிறவர்களுக்கு அது அகப்படாது. சாப்பாட்டைப் பற்றி அதிகம் பேசுவது வெளிநாட்டுக்காரரின் மோகம் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். கவாயோன் நூலகத்துக்குத் தன் நூல்களைத் தர, நாவலாசிரியர் அலெக்சாந்தர் துய்மா 1864-இல் விலையாகக் கேட்டது வருடத்துக்குப் பன்னிரண்டு முலாம்பழம். நகரசபை மனமார ஒப்புக்கொண்டது. அந்த மண்ணில் பழத்தைப் பற்றிப் பேசுவது எல்லாருக்கும் உள்ள பழக்கம்.

பிரெஞ்சுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்றும் பார்க்க வேண்டும். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு தாமதமாகத்தான் வந்தது, வந்ததும் நன்றாகவே விற்றது. 2002-இல் அரசு அவருக்கு லெஜியோன் தொனர் விருதும் கொடுத்தது. ஊரைக் கெடுத்துவிட்டார் என்ற கோபமும் இல்லாமல் இல்லை. ஆனால் புரோவான்ஸை அழகாக்கி, வேடிக்கையாக்கி விற்ற குற்றச்சாட்டு பிரெஞ்சு எழுத்தாளர்களுக்கே புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் தோதே, புரோவான்ஸ் காற்றாலை ஒன்றிலிருந்து எழுதுவதாகச் சொல்லும் தன் கடிதக் கதைகளைப் பாரிஸ் பக்கம் உட்கார்ந்துதான் எழுதினார், அந்தக் காற்றாலை அவருடையதே இல்லை. தராஸ்கோன் ஊரின் வாய்ச்சவடால்காரன் ஒருவனைப் பற்றி அவர் எழுதிய தார்த்தரான் கதையால் அந்த ஊர்க்காரர்கள் அவர்மேல் கடுங்கோபத்தில் இருந்தார்கள்.

அடுத்த பாகங்கள். 1991-இல் வந்த ‘தூழூர் புரோவான்ஸ்’ தனித்தனிக் கட்டுரைகள். வீடு முடியுமா என்ற இழை அதில் இல்லாததால் அங்கங்கே தொய்யும். ‘ஆங்கோர்’ அதைவிட மேல், திரும்பி வந்தவரின் கண் அதில் இருக்கிறது. 1993-இல் ஜான் தா நடித்து பிபிசி எடுத்த தொடரை விட்டுவிடுங்கள், மெய்லின் குரல் போய்விட்டால் மிஞ்சுவது விடுமுறைப் படம்தான்.

நீங்கள் கேட்டதற்கு என் யோசனை வேறு. தொடர்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு வைலியைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். மெதுவாகப் போகும், ஆனால் சலிக்காது. அதை முடித்த கையோடு மெய்லின் ஜனவரி அத்தியாயத்தைத் திரும்ப எடுங்கள். மெனிகுச்சி காற்றைப் பற்றிப் பேசும் இடத்தில் இன்னும் அதிகமாகச் சிரிப்பீர்கள். ஃபோஸ்தான் வரும் இடத்தில் கொஞ்சம் நின்றுவிடுவீர்கள்.